வேலை வாங்குவோர் கையில் உள்ள நீதி

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கே கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வேலையாட்களை நடத்தும் முறை பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தகைய கூட்டங்களில் அரசாங்கம் எமக்குச் செய்யவேண்டியதைப் பற்றியே நாம் வழக்கமாகப் பேசுகிறோம். அது பேசப்படவேண்டியதே, இனியும் பேசுவோம். ஆனால் இன்று, நாம் பிறருக்குச் செய்யவேண்டியதைப் பற்றிப் பேசப் போகிறோம். கேட்பதற்கு இது அத்துணை இனிமையாக இராது. ஆயினும், நீதி கேட்டு உயர்த்தும் கை நீதி கொடுத்துப் பழகிய கையாகவும் இருத்தல் வேண்டும் என்பதில் எமக்குள் கருத்து வேற்றுமை இருக்க முடியாது.

'நான் முதலாளி' என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் இக்கூட்டத்தில் மிகச் சிலரே இருப்பர். ஆனால் வெங்காயம் கிண்ட நான்கு பெண்களை அழைக்கும் கமக்காரர் அன்றைய பொழுதுக்கு ஒரு முதலாளி. அரிவு வெட்டுக்கு ஆட்களைச் சேர்க்கும் வயற்சொந்தக்காரரும், தாதி ஒருவரை வைத்திருக்கும் வைத்தியரும், இலிகிதர் ஒருவரை வைத்திருக்கும் என்போன்ற சட்டத்தரணியும், இளம் பட்டதாரிகளைக் கொண்டு தனியார் வகுப்பு நடத்துபவரும், கூட்டுறவுச் சங்க முகாமையாளரும், சமையலுக்கு ஓர் அம்மாவை வைத்திருக்கும் குடும்பத்தவரும் அப்படியே. பிறனொருவனுடைய நாளையும் உழைப்பையும் சோற்றையும் தன் சொல்லால் ஆக்கவோ அழிக்கவோ வல்லவன் எவனோ, அவனைக் குறித்தே பேசுகிறேன்.

நான்கு சுவருக்குள் ஒரு நீதிமன்று

நீதிமன்றிலே குற்றஞ்சாட்டுபவர் ஒருவர், சாட்சி சொல்பவர் இன்னொருவர், தீர்ப்பளிப்பவர் வேறொருவர். தீர்ப்புப் பிழைத்தால் மேன்முறையீடு உண்டு. ஆனால் வேலைத் தலத்திலே நடப்பது என்ன? குற்றஞ்சாட்டுபவரும் முதலாளி, அதை விசாரிப்பவரும் முதலாளி, தீர்ப்பளித்து அத்தீர்ப்பை அன்றே நிறைவேற்றுபவரும் அவரே. 'நாளைக்கு வரவேண்டாம்' என்ற இரண்டு சொற்களில் வழக்கு முடிந்துவிடுகிறது. ஒரு நீதவானுக்கும் இல்லாத இவ்வளவு பெரிய அதிகாரம், ஐந்து பேரை வைத்து வேலை வாங்கும் ஒரு சாதாரண மனிதனிடம் இருக்கிறது. நீதவானைச் சுற்றிச் சட்டம் வேலி போட்டிருக்கிறது. முதலாளியைச் சுற்றிப் பல இடங்களில் வேலி இல்லை. ஆதலின் அவர் தமக்குத் தாமே வேலி போட்டுக்கொள்ள வேண்டும். நல்ல தலைமை என்பது இதுதான் என்பது என் துணிபு. இன்றைய என் பேச்சின் சாரமும் இதுவே.

இதை விளக்க மேல்நாட்டு நூல் எதுவும் எனக்கு வேண்டியதில்லை. வற்றாப்பளையிலும் மட்டக்களப்பிலும் நாம் பொங்கல் வைத்து வணங்கும் கண்ணகியின் கதை போதும். பாண்டியன் கொடியவன் என்று சிலப்பதிகாரம் சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்த பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை நம்பினான். மற்றவனை அழைத்து ஒரு வார்த்தை கேளாமல் விட்டான். அதுவே அவன் செய்த பிழை. சிலம்பினுள்ளே முத்தா, மாணிக்கமா என்று பார்ப்பதற்கு ஒரு கணம் போதும். அந்தக் கணம் கோவலன் வெட்டுண்டதன் பின்னரே கிடைத்தது. உண்மை தெரிந்ததும் அரசன் தன் உயிரையே கொடுத்தான். அதனால் கோவலன் மீளவில்லை. விசாரணை தண்டனைக்கு முன்னே வரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

எமது அலுவலகங்களிலும் கடைகளிலும் அந்தப் பொற்கொல்லர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதலாளியின் காதருகே நின்று, 'அவன் இப்படிச் செய்தான், இவள் அப்படிச் சொன்னாள்' என்று ஓதுவோர் இல்லாத தொழில் தலம் ஏது? அவர்களை முற்றாக ஒழிக்க முடியாது. ஆனால் அவர்களுடைய சொல்லைக் கேட்டதும் மற்றவரையும் அழைத்துக் கேட்கும் வழக்கத்தை உண்டாக்கலாம். அந்த வழக்கம் வந்துவிட்டால், கோள் சொல்பவர் தாமாகவே குறைந்து போவார்.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிளைக் கடையில் அரிசிச் சரக்கிலே குறைவு காணப்பட்டது. விற்பனையாளர் அன்றே இடைநிறுத்தப்பட்டார். ஊரெல்லாம் அவரைக் 'கள்ளன்' என்றது. பல மாதங்களின் பின்னர் நிறுவைப் பதிவேடுகளை ஒப்பிட்டபோது, களஞ்சியத்திலிருந்து மூட்டைகள் வந்தபோதே நிறை குறைந்திருந்தது தெரியவந்தது. பதிவேடுகள் இரண்டும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையின் மேல் கிடந்தன. அவரை அழைத்து, 'இதற்கு நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்டிருந்தால், 'இறக்கும்போதே நிறுத்துப் பாருங்கள் என்று நான் சொன்னேனே' என்று அவர் சொல்லியிருப்பார். வேலை திரும்பக் கிடைத்தது. அந்த மாதங்களில் அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்ட சொற்களை யார் திரும்பப் பெறுவது?

சட்டம் எதுவரை?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தொழிலாளர் பொருட்டு இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டங்கள் சிறியனவல்ல. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பல தொழில்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை வரையறுக்க வழிசெய்தது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்துக்கு எல்லை வகுத்தது. ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையையும், வேலை நிபந்தனைகளை எழுத்திலே பெறும் உரிமையையும் அளித்தது. 1957இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் திருத்தப்பட்டுத் தொழில் நியாய மன்றுகள் தோன்றின. 1958இன் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. இன்று ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12. 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். 1983இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. 5 ஆண்டு சேவை முடித்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்பது அதன் கணக்கு.

இவையெல்லாம் போராடிப் பெற்றவை. ஆனால் சட்டத்திலே பழகிய எனக்கு அதன் எல்லையும் தெரியும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெந்தக் காரணத்துக்காகவும், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஒருவரை நீக்க முடியாது. ஆனால் 15 பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட இடத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. பணிக்கொடைச் சட்டமும் அந்த 15 என்னும் எண்ணையே எல்லையாக வைத்தது. இதனால் 14 பேரோடு நிறுத்திக்கொள்ளும் கலையைச் சிலர் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். சேமலாப நிதிச் சட்டமோ வீட்டுப் பணியாளரை நெடுங்காலம் புறத்தே நிறுத்தி வைத்திருந்தது. நாட்கூலிக்கு வரும் கமத்தொழிலாளியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஏதேனும் ஒரு சட்டத்தில் அவருக்கும் இடமிருக்கலாம். ஆனால் அச்சட்டத்தை நிறைவேற்றும் அலுவலர் அவருடைய வயல் வரம்புக்கு வருவதேயில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒருவரை நீக்குவதற்கு முன்னர் உள்ளக விசாரணை நடத்தியே தீரவேண்டும் என்று தனியார் துறையினரை எமது சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நீக்கியபின் மன்றுக்கு இழுக்கப்பட்டால், நீக்கியது நியாயமென அங்கே நிறுவ வேண்டும், அவ்வளவே. கேட்டுவிட்டுத் தண்டிப்பதா, தண்டித்துவிட்டுக் கேட்பதா என்பதைச் சட்டம் முதலாளியின் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறது. சட்டம் சும்மா இருக்கும் இடத்திலேதான் மனிதனின் தரம் தெரியவருகிறது.

தோட்டங்கள் கற்பித்த பாடம்

கேளாமல் ஆளும் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மலையகத் தோட்டங்களின் வரலாறு சாட்சி. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் சென்ற கூலியாள் குற்றவாளி. அவரைச் சிறையிலும் இடலாம். ஒப்பந்தம் இருவருக்கும் பொது. சிறை ஒருவருக்கு மட்டும்! அதன்மேல் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய துண்டு அது. அக்கடனைக் கட்டும் தோட்டத்துக்கே அவரை விடலாம். கடன் கைமாறியது, கடனோடு மனிதரும் கைமாறினார். பிரயாணச் செலவென்றும் அரிசியென்றும் தொடங்கிய அந்தக் கடன் தீர்ந்ததேயில்லை. 1921இலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பின்னர் 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அதே ஆண்டிலேயே தோட்டத் துரைமாரின் சங்கம், தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்றுத் தொழிற்சங்கங்களுடன் ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டது. மேசையைச் சுற்றி இருந்து பேசுவது சில மாதங்களின் பின் இயலுமாயிருந்ததென்றால், ஓர் உயிர் போகுமுன்னர் அஃது ஏன் இயலாமற் போயிற்று? தம் தொழிலாளரின் குரலைக் கேட்பது தம் கௌரவத்துக்குக் குறைவு என்று துரைமார் எண்ணினர். காரணம் அதுவே.

எமது முற்றத்திலும்

துரைமாரின் அநியாயத்தைச் சொல்லும்போது உங்களிற் பலர் தலையசைத்தீர்கள். இனி எமது முற்றத்துக்கு வருவோம்.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றியும் விதிகள் இருந்தன. அடிமை முறை இந்நாட்டில் 1844இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது மனத்திலிருந்து நீங்குவதற்கு ஒரு நூற்றாண்டு போதவில்லை. தன் தோட்டத்தில் மிளகாய்ப்பழம் ஆய்ந்தவருக்குச் சிரட்டையில் தேநீர் வார்த்த வீடுகள் எம்மவர் வீடுகளே. 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கு 1960களின் இறுதியிலும் மக்கள் போராட வேண்டியிருந்தது. சிரட்டை இன்று இல்லை. ஆனால் வேலைக்கு வந்தவரை எந்த வாசலால் அழைக்கிறோம், எங்கே இருத்திச் சோறு போடுகிறோம், அறுபது வயதுப் பெரியவரை எங்கள் பிள்ளைகள் எப்படி விளிக்கிறார்கள் என்பவற்றை அவரவர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வன்னியைப் பாருங்கள். 1977ஆம் ஆண்டின் வன்செயல்களுக்கு முன்னும் பின்னும் மலையகத்திலிருந்து குடும்பங்கள் பல அங்கே வந்து சேர்ந்தன. காடு வெட்டியவர்களும் வரம்பு கட்டியவர்களும் களை பிடுங்கியவர்களும் அவர்களே. தோட்டத்தில் துரைக்குச் செய்ததை இங்கே எம்மவருக்குச் செய்தார்கள். பலருக்குச் சொந்தக் காணி என்பது நெடுங்காலம் கனவாகவே இருந்தது. அவர்களிடம் வேலை வாங்கியவர்களிற் சிலர், பருவம் தொடங்குமுன் முற்பணம் கொடுத்து, அறுவடை முடியும்வரை வேறிடம் போகாதபடி அவர்களைக் கட்டி வைத்தார்கள். பஞ்சத்திலே கொடுத்த பணம் உதவியே. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டிக் கூலியை இறுக்கிப் பிடித்தால், பெயர் வேறாயினும் அது துண்டு முறையே அல்லவா?

பெண்களுடைய கூலியையும் பாருங்கள். காலை முதல் மாலை வரை ஒரே வெயிலில், ஒரே வரிசையில் நின்று வெங்காயம் நடுகிறார்கள். ஆண்கூலி ஒன்று, பெண்கூலி ஒன்று என்று இன்றும் பல இடங்களில் இருக்கிறது. பாரந் தூக்கும் வேலைக்கு வேறு கூலி என்றால் விளங்குகிறது. ஒரே வேலைக்கு இரு விலை என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

செய்யத்தக்கவை

இனி, வேலி போட்டுக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, வேலைக்கு முன்னே பேச்சு. கூலி எவ்வளவு, நேரம் எவ்வளவு, சாப்பாடு உண்டா இல்லையா, மழை பெய்தால் அரை நாளா முழு நாளா என்பதையெல்லாம் மண்வெட்டியைத் தொடுமுன்னரே சொல்லிவிட வேண்டும். கடையிலும் காரியாலயத்திலும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். 'எங்களுக்குள் என்ன எழுத்து?' என்பவரே பின்னர் நீதிமன்றில் அதிகம் வாதாடுகிறார்.

இரண்டாவது, கூலியை நாளுக்கு நாள், தவணைக்குத் தவணை, குறையாமற் கொடுத்தல். வேலை செய்து முடித்தவரின் கூலி எங்கள் பையில் இருந்தாலும் அது எங்கள் பணமன்று. அவர் எம்மிடம் வைத்திருக்கும் அடைக்கலப் பொருள். சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8ஐக் கழித்துவிட்டுச் சேமலாப நிதிக்கு அனுப்பாது வைத்திருந்த ஒரு கடை முதலாளியின் ஊழியருக்காக நான் வழக்காடியிருக்கிறேன். அம்முதலாளி கோயிலுக்குக் கோபுரம் கட்டக் கொடுத்தவர். கெட்டவர் என்று ஊரில் எவரும் சொல்லார். பதினொரு ஆண்டு உழைத்த அந்தப் பெண் நிதிக் கணக்கைக் கேட்டபோது அதில் ஒன்றுமில்லை. அடைக்கலப் பொருளைத் தன் பொருளாக எண்ணிய ஒரு பழக்கமே இதைச் செய்தது.

மூன்றாவது, கேட்டபின் தீர்ப்பு. குற்றம் இன்னதென்று சொல்லவேண்டும். மறுமொழி சொல்ல ஓர் இரவாவது அவகாசம் கொடுக்கவேண்டும். உங்களோடு நேரே சச்சரவு பட்டவராயின், விசாரிப்பதை வேறொருவரிடம் விடுங்கள். தன் வழக்கில் தானே நீதிபதியாதல் தகாது. தீர்ப்பு எதுவாயினும் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியிருந்தாலே, பாதி அநியாயம் நின்றுபோகும்.

நான்காவது, நம்பி ஒப்படைத்தல். வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதலையும் தெரிந்து வினையாடலையும் அடுத்தடுத்து வைத்தார். பின்னர், அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமை பற்றியும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். தேர்ந்தெடுக்கும்போது நன்றாகப் பாருங்கள். தேர்ந்தபின் அவர் முதுகுக்குப் பின்னே நில்லாதீர்கள். எந்நேரமும் அச்சத்தோடு வேலை செய்பவர் பிழையைத் திருத்தமாட்டார், மறைப்பார்.

ஐந்தாவது, நட்டத்தைப் பங்கிடும் முறை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், 2022இன் பொருளாதார நெருக்கடியின்போதும் கமக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அத்தகைய காலத்தில் முதலில் நிறுத்தப்படுவது எது? கூலியாளின் நாள். விளைச்சல் பெருகிய ஆண்டில் அவருக்குக் கூடக் கிடைப்பது எது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. கெட்ட ஆண்டின் சுமையில் பங்கு கேட்பவர், நல்ல ஆண்டின் களத்திலும் பங்கு கொடுக்க வேண்டும். முடியாத ஆண்டில் கணக்கைத் திறந்து காட்டுங்கள். 'என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது' என்று உண்மை சொன்னவரை விட்டுத் தொழிலாளர் இலகுவில் போவதில்லை.

தருமமும் உரிமையும்

'நான் தீபாவளிக்குச் சேலை கொடுக்கிறேன். பிள்ளைக்குச் சுகமில்லாதபோது வைத்தியச் செலவு கொடுத்தேன்' என்பார் சிலர். நல்லது, கொடுங்கள். ஆனால் சேலை உங்கள் விருப்பம். கூலி அவர் உரிமை. விருப்பத்தைக் காட்டி உரிமையைக் குறைக்கலாகாது. கொடுத்த சேலையை ஆண்டு முழுதும் சொல்லிக்காட்டுபவர், அதன் விலையை வட்டியோடு வாங்கிக்கொள்கிறார்.

'வேலையாட்களும் முன்போல் இல்லை, நேரத்துக்கு வருவதில்லை, வேலையில் கண் இல்லை' என்பார் வேறு சிலர். அப்படிப்பட்டவரும் உண்டு, நான் மறுக்கவில்லை. நேர்மையாக விசாரித்து, எச்சரித்து, திருந்தாதவரை நீக்குவதும் நீதியே. ஒழுங்காக வேலை செய்பவருக்கு அது நாம் செய்யும் கடமையுமாகும். கண்டிப்பு வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. கண்டிப்புக்கு ஒரு முறை வேண்டும். அது நேற்று ஒருவருக்கும் இன்று இன்னொருவருக்கும் வேறுபடாது இருக்கவேண்டும். சொந்தக்காரப் பையன் பிந்தி வந்தால் சிரிப்பும், மற்றவன் பிந்தி வந்தால் சம்பள வெட்டும் என்றிருக்கும் இடத்தில் எந்த ஒழுங்கும் நிலைக்காது.

அன்பர்களே! உங்கள் சங்கம் இன்று ஒரு சிறு காரியம் செய்யலாம். அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு கூலிப் புத்தகம் வைத்திருப்பது என்றும், அதை வேலை செய்பவரும் பார்க்கலாம் என்றும் தீர்மானியுங்கள். பிணக்கு வந்தால் கேட்பதற்கு மூவர் கொண்ட ஒரு குழுவை அமையுங்கள். அம்மூவரில் ஒருவராவது கூலிக்கு வேலை செய்பவராக இருக்கட்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை வரும் போகத்திலிருந்தே தொடங்குங்கள். இவற்றுக்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. ஒரு புத்தகமும் ஒரு பேனையும் போதும்.

ஆட்சி எம் கைக்கு வந்தால் எப்படி நீதியாக நடப்போம் என்று மேடைகளில் நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். வெங்காயத் தறையிலும் கடையிலும் காரியாலயத்திலும் ஏற்கெனவே எம் கையில் ஒரு சிறு ஆட்சி இருக்கிறது. அதிலே எப்படி நடக்கிறோம் என்பதை எங்களிடம் வேலை செய்பவர்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வாக்குறுதியை அவர்கள் அதைக் கொண்டே அளப்பார்கள்.